ஜெத்ரோ கேஸ்கின்ஸின் ஒற்றைச் சத்தியம்

ஹெரன் நெக் என்ற கடலோர ஊரின் தென்கோடியில், காயலைப் பார்த்தபடி ஜெத்ரோ கேஸ்கின்ஸின் காற்றாலை நின்றது. நான்கு இறக்கைகள், நான்கிலும் கித்தான் பாய்கள். தென்மேற்குக் காற்று எழுந்தால் சோளம் அரைப்பார். காற்று செத்துப்போனால் மடவை வலையை எடுத்துக்கொண்டு தோணியில் ஏறுவார். 1861இல் அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. இடது காலை இழுத்துத்தான் நடப்பார். வாலிபத்தில், கலங்கரை விளக்கைத் தாங்கிக் கடலில் நிற்கும் அரசாங்க விளக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது நங்கூரச் சங்கிலி விழுந்து நசுக்கிய கால். கப்பல் வேலை அதோடு முடிந்தது. ஊருக்குத் திரும்பி, அப்பாவின் ஆலையை எடுத்துக்கொண்டார்.

மனைவி மஹாலா அவரைவிட இரண்டு வயது மூத்தவள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஊரில் பிள்ளைப்பேறு என்றாலும் சாவு என்றாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். ஒரே மகள் ரோடா. அவளை முந்தைய இலையுதிர் காலத்தில் வில்லிஸ் ஓநீல் என்ற மீனவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த வருடம் பிப்ரவரியில் அடிமை முறையைக் காக்க, மற்றத் தெற்கு மாநிலங்களைப் போல வடக்கோடு இருந்த ஐக்கியத்தை விட்டுப் போவதா என்ற பேச்சு வந்தபோது ஹெரன் நெக்கில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் வாக்களித்தார்கள். அடிமை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுப் பண்ணைக்காரர்கள். மீன் பிடிக்கிறவனுக்கு அதில் என்ன கிடக்கிறது என்பதுதான் பேச்சு. மே மாதத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. பீரங்கி வெடித்துப் போர் தொடங்கியாயிற்று, மாநிலமும் பிரிந்தாயிற்று. பிப்ரவரியில் வேண்டாமென்று தலையை ஆட்டியவர்கள் மே மாதத்தில் தொப்பியைத் தூக்கி வீசினார்கள்.

கடைக்காரர் ஹோரஷியோ பெண்டில்டன் ஊர்க்காவல் படைக்குக் கேப்டன் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் மேசை போட்டு, வேதப் புத்தகத்தை வைத்து, தெற்கின் புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினார். ஜெத்ரோவின் முறை வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கையை மட்டும் நீட்டவில்லை.

"என்னால முடியாதுய்யா. நான் ஏற்கெனவே பண்ணியாச்சு."

"எப்பப் பண்ணினே?" என்றார் பெண்டில்டன்.

"விளக்குக் கப்பல்ல சேந்த அன்னிக்கு. ஐக்கிய நாட்டுக்கு. இதே மாதிரி புஸ்தகத்து மேலதான்."

"அந்த நாடு இப்ப நமக்கு இல்லப்பா."

"அத நீங்க சொல்றீங்க. வாங்கினவங்க யாரும் வந்து திருப்பிக் குடுக்கலையே."

பின்னாலிருந்து யாரோ, "அவன் கால் அங்கதான மாட்டிக்கிட்டு கெடக்கு, எப்படி வருவான்" என்றான். முற்றம் முழுக்கச் சிரித்தது. ஜெத்ரோவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வடக்கத்தியானை அங்கே யாங்கி என்பார்கள்; அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'யாங்கி ஜெத்ரோ' என்று பெயர்.

அவருக்குப் பெரிய கொள்கை ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அடிமைகளைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ பேசியதில்லை. அவரிடம் அடிமை யாரும் இல்லை. வாங்கும் வசதியும் இல்லை. கை வைத்துச் சொன்ன சொல்லை ஒரு கூட்டம் கூடிக் கத்துவதால் எடுத்துவிட முடியாது என்பது மட்டும்தான் அவர் கட்சி. அதற்கு மேல் கேட்டால் எரிச்சல்படுவார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் வில்லிஸ் ஆலைக்கு வந்தான். மாவுத்தூசியில் நின்று தொப்பியைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான்.

"மாமா, நம்ம படைக் கம்பெனி சண்டைக்கு வர்ஜீனியா போகுது. போகவா, வேணாமா?"

"நீ சத்தியம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். எல்லாரும் பண்றப்ப கை தானா போயிருச்சு."

ஜெத்ரோ திரிகைக்கல்லில் சோளம் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்னை எதுக்குக் கேக்கற? கை வெச்சாச்சுன்னா அப்புறம் கேள்வி கெடையாது. போ."

ஆலைப் படிக்கட்டில் தண்ணீர்க் குடுவையோடு ரோடா நின்றிருந்தாள். அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. குடுவையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். வில்லிஸ் போன பிறகு பெற்றோர் வீட்டோடு வந்துவிட்டாள். அப்பாவோடு மட்டும் பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பாள், அது அப்பாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும்.

ஊர்க்காரர்கள் சோளத்தைத் தோணியில் ஏற்றி ஓடைக்கு அக்கரையில் இருந்த வேறொரு ஆலைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் ஹேட்டரஸ் முகத்துவாரத்தை யாங்கிக் கப்பல்கள் பிடித்தன. அந்த ஆத்திரத்தில் ஊர்க்காவல் படை வந்து, படைக்குக் கூடாரம் தைக்க வேண்டும் என்று சொல்லி, ஆலையின் நான்கு பாய்களையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. மொட்டை இறக்கைகளோடு ஆலை நின்றது. மஹாலா வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகள், பழைய கோணி, தன் கல்யாணப் பாவாடை எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து இரண்டு இறக்கைக்குப் பாய் கட்டினாள்.

"என் பாவாடை ஊர் பூரா தெரியப் பறக்குது. பாக்கறவன் பாக்கட்டும்" என்றாள்.

இரண்டு இறக்கையில் ஆலை தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. குளிர்காலம் வந்ததும் அக்கரை ஆலையைப் படைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஊர் மறுபடி ஜெத்ரோவிடம் வந்தது. யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூட்டையை வைத்துவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் கூலிக்குரிய மாவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சரியாகக் கொடுத்தார்.

பெண்டில்டன் வீட்டுச் சோளத்தை அவருடைய அடிமை ஐஷம் வண்டியில் கொண்டுவருவார். ஐஷத்துக்கு முப்பது வயதிருக்கும். காயலின் ஒவ்வொரு மணல்மேடும் தெரிந்தவர். பெண்டில்டனின் சரக்குப் படகை ஓட்டுவது அவர்தான். மனைவி டார்கஸ் அதே வீட்டில் சமையல். அந்த ஜனவரியில் டார்கஸை உள்நாட்டுப் பண்ணை ஒன்றுக்கு விற்றுவிடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜெத்ரோவுக்கும் அது காதில் விழுந்திருந்தது.

மூட்டையைத் தூக்கிக் கொட்டிக்கொண்டே ஐஷம் கேட்டார்.

"ஜெத்ரோ ஐயா, உங்க தோணி ஒழுகுதுங்களா?"

"இல்ல. போன மாசந்தான் தார் பூசினேன்."

"துடுப்பு எங்க வைப்பீங்க?"

ஜெத்ரோ திரிகையிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஹேட்டரஸில் நிற்கும் யாங்கிக் கப்பல்களுக்குத் தப்பிப் போகத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. எந்த நாட்டுக்குக் கை வைத்தாரோ அந்த நாட்டுச் சட்டமும் ஓடிப்போன அடிமையைப் பிடித்துக்கொடு என்றுதான் சொன்னது. மாவு பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டி நிறைந்ததும் ஜெத்ரோ அதை மூட்டையில் கொட்டினார்.

"துடுப்பு கதவுக்குப் பின்னால இருக்கும்" என்றார் கடைசியில். "ஆலைக்குப் பூட்டு கெடையாது. எப்பவுமே இருந்ததில்ல."

"சரிங்கய்யா."

"தோணி எங்கயாச்சும் போச்சுன்னா, திரும்பக் கொண்டாந்து விடணும்னு யாரும் அவசரப்பட வேணாம்."

ஐஷம் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த வாரமே ஒரு விடியற்காலையில் தோணியைக் காணவில்லை. ஐஷத்தையும் டார்கஸையும் காணவில்லை.

பெண்டில்டன் ஐந்தாறு ஆட்களோடு ஆலைக்கு வந்தார்.

"தோணி எங்கடா?"

"போயிருச்சு."

"யாரு எடுத்தது?"

"நான் பாக்கல" என்றார் ஜெத்ரோ. அது உண்மைதான்.

"இறக்கைய ஆட்டி யாங்கிக்குச் சைகை காட்டறியாமே?"

"காத்தடிச்சா சுத்தும். அடிக்கலன்னா நிக்கும். காத்தத்தான் நீங்க கேக்கணும்."

அதற்கு மேல் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தாழ்ந்திருந்த இறக்கையில் கைகால் சேர்த்துக் கட்டி, இறக்கைகளைச் சுற்றவிடாமல் நிறுத்தும் தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மஹாலாவின் பாவாடைத் துணி காற்றை வாங்கியது. இறக்கை மெல்ல எழுந்தது, உச்சிக்குப் போனது, ஜெத்ரோ தலைகீழானார். அங்கே காற்று தளர்ந்து இறக்கை நின்றுவிட்டது. கீழே சிலர் சிரித்தார்கள். சிலர் காயல் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

சிப்பி உடைக்கும் கத்தியோடு மஹாலா ஓடிவந்தாள். ஒருவரையும் அவள் குத்தவில்லை. தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்டில்டனைப் பார்த்தாள்.

"ஹோரஷியோ, உங்கம்மா செத்தப்ப ஒடம்பக் குளிப்பாட்டினது நான். ஒம் பொண்டாட்டிக்கு ரெண்டு பிரசவம் பாத்தது நான். இந்த ஊர்ல யாரு செத்தாலும் பொறந்தாலும் இனிமே நீயே பாத்துக்கறியா?"

பெண்டில்டன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஆட்கள் இறக்கையை இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். ஜெத்ரோவின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. தோள் மூட்டு நழுவியிருந்தது. மஹாலாவே அதைத் தள்ளி உட்கார வைத்தாள். ரோடா கைக்குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவின் தட்டில் இருந்த மீனுக்கு முள் எடுத்து வைத்தாள். பேச மட்டும் இல்லை.

வசந்தத்தில், பக்கத்திலிருந்த ஆற்றுமுகப் பட்டணமும் யாங்கிகள் கைக்குப் போனது. சில வாரங்களில் ஒரு பீரங்கிப் படகு ஹெரன் நெக்கின் படகுத்துறைக்கு வந்தது. சுக்கான் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தவர் ஐஷம். யாங்கிப் படையின் நீலச் சட்டை போட்டிருந்தார். பெண்டில்டன் கடைக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே வரவில்லை.

மறுநாள் அதே தேவாலயத்தில், அதே மேசையில், வேறொரு அதிகாரி உட்கார்ந்தார். இளைஞர். சளி பிடித்திருந்தது, கைக்குட்டையை விடவேயில்லை. ஐக்கியத்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்பவர்களுக்கு மீன் பிடிக்கவும் வியாபாரம் செய்யவும் அனுமதிச் சீட்டு, வீட்டுக்கு உப்பும் பன்றிக்கறியும். முதல் ஆளாகப் பெண்டில்டன் போய்க் கை வைத்தார். குரல்கூட நடுங்கவில்லை. ஊர்க்காவல் படையில் பாதிப்பேர் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

ஜெத்ரோ தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசை முன்னால் நின்றார்.

"கைய வைங்க, பெரியவரே" என்றார் அதிகாரி.

"வேணாங்க. என்னோடது இன்னும் இருக்கு."

"எது இருக்கு?"

"சத்தியம். நான் போன வருஷம் ஒடைக்கல. ஒடைச்சவங்க பண்ணட்டும். நான் இப்ப மறுபடி பண்ணினா முன்ன பண்ணினது இல்லன்னு ஆயிடும். ஒரே பொண்டாட்டிய ரெண்டு தடவ கட்டற மாதிரி."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதப் பாருங்க, எனக்கு உத்தரவு ஒண்ணுதான். பண்ணினவன் விசுவாசி. பண்ணாதவன் எதிரி. நடுவுல ஒண்ணும் இல்ல."

சுவரோரம் நின்ற ஐஷம் சொன்னார்: "சார், இவரு நம்மாளு. இவரு தோணிலதான் நான் வந்தேன்."

"அப்ப கை வைக்கறதுல என்ன கஷ்டம்?" என்றார் அதிகாரி.

 ஜெத்ரோ சொன்னதைத்தான் மறுபடி சொன்னார். அன்று மாலை அவரைப் படகில் ஏற்றி, யாங்கிகள் சிறையாக்கியிருந்த தீவுக் கோட்டையில், பிடிபட்ட தெற்குச் சிப்பாய்களோடு போட்டுவிட்டார்கள். அங்கே ஹெரன் நெக் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"யாங்கி ஜெத்ரோ, உன்னையுமா?" என்றான் ஒருவன். "யாரு பக்கந்தான்யா நீ?"

"மொதல்ல இருந்த பக்கம்" என்றார் அவர். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு வைக்கோலில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

மஹாலா மறுநாளே போய்ச் சத்தியம் செய்துவிட்டு உப்பும் கறியும் வாங்கிக்கொண்டாள். கேட்டவர்களிடம், "அவருக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். பைபிள் தாங்கும்" என்றாள்.

கோடையில் கோட்டையில் காய்ச்சல் பரவியது. சளி பிடித்த அதிகாரி ஊர் திரும்பினார். அவருக்குப் பதிலாக வந்தவர் வயதானவர், முன்பு தானிய வியாபாரி. உள்நாட்டிலிருந்து தப்பி வந்த கறுப்புக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் கரையோரம் கூடாரத்தில் கிடந்தன. சோளம் கப்பலில் வந்து குவிந்திருந்தது, அரைக்க ஆளில்லை. இங்கே ஆலைக்காரன் யாரும் இல்லையா என்று அவர் கேட்டார்.

"இருக்காரு சார்" என்றார் ஐஷம். "உங்க ஜெயில்லதான்."

விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட அந்த அதிகாரி, "சத்தியம் கெடக்கட்டும், மொதல்ல மாவு" என்று சொல்லி ஜெத்ரோவை விடுவித்தார். நான்கு இறக்கைக்கும் புதுக் கித்தான் கொடுத்தார். மஹாலா தன் பாவாடையை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் ஆலை ஓயாமல் ஓடியது. மாவு வாங்க வருகிற கறுப்புப் பெண்கள் ஆலையைச் சுற்றி மணலில் உட்கார்ந்து பாடுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். டார்கஸ் வரிசையை ஒழுங்கு படுத்துவாள். ஜெத்ரோ அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவுதான் அளந்தார். முதல் சில வாரங்களில் அது அவருக்கே கொஞ்சம் வினோதமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ரோடாவின் மகளுக்கு இப்போது நடை வந்துவிட்டது. வர்ஜீனியாவிலிருந்து வில்லிஸைப் பற்றிய சேதி அபூர்வமாகத்தான் வந்தது. அவனுடைய கம்பெனியிலிருந்து ஒவ்வொருவராக நழுவி ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பியவர்கள் சத்தியம் செய்துவிட்டு மீன் பிடிக்கப் போனார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு படகு வரும்போதும் ரோடா துறையில் நின்றாள்.

1864 இலையுதிர் காலத்தில் எபன் டேனியல்ஸ் என்பவன் வந்தான். வில்லிஸோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன். சமையலறையில் உட்கார வைத்து மஹாலா சோள ரொட்டியும் கடலோரப் புதரான யோப்பானின் இலைத் தேநீரும் கொடுத்தாள். அவன் தின்றுவிட்டுத்தான் பேசினான். வில்லிஸ் செப்டம்பரில் பதுங்குகுழியில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான்.

"நான் கெளம்பறப்ப அவனையும் கூப்பிட்டேன்" என்றான் எபன். "அப்ப நல்லாத்தான் இருந்தான். காவல் வேலி தாண்டினா ரெண்டு வாரத்துல வீடுடான்னேன். மாட்டேன்னுட்டான்."

"ஏன்?" என்றாள் ரோடா.

எபன் ஜெத்ரோவைப் பார்த்தான், பிறகு தேநீரைப் பார்த்தான். "கை வெச்சாச்சு, இப்ப ஓடிப்போனா மாமா மொகத்துல எப்படி முழிக்கறதுன்னான். கொஞ்ச நாள் பாத்துட்டு நான் கெளம்பிட்டேன். அப்புறந்தான் அவனுக்கு முடியாம போச்சுன்னு பின்னால வந்தவங்க சொன்னாங்க."

மூன்று வருடங்களுக்குப் பிறகு ரோடா அப்பாவோடு நேராகப் பேசினாள். குரல் உயரவில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. அவன் அதக் கேக்கத்தானப்பா ஆலைக்கு வந்தான்."

ஜெத்ரோ எழுந்து வெளியே போனார். தெற்குப் பக்கத் திட்டு வரை நடந்து, காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.  மறுநாள் ஆலையை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஐஷத்தின் படகில் கோட்டைக்குப் போனார். தானிய வியாபாரி அதிகாரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேஸ்கின்ஸ், கல் தேஞ்சுடுச்சா?"

"இல்லீங்க. சத்தியம் பண்ண வந்தேன்."

"இப்ப யாரு கேட்டா? உங்களத்தான் ரெண்டு வருஷமா நான் தொந்தரவே பண்ணலையே."

"தெரியுங்க."

"அப்புறம் எதுக்கு?"

ஜெத்ரோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் பண்றதத்தான நானும் பண்றேன். மருமகன் அதுக்காகச் செத்தான். அதுல ஒண்ணும் இல்லன்னு பாத்துக்கறதுக்கு."

அதிகாரிக்குப் புரியவில்லை. ஆனாலும் மேசை இழுப்பறையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஜெத்ரோ கையை வைத்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்.  திரும்பும் வழியில் எதிர்க்காற்று, அவரும் ஐஷமும் மாறி மாறித் துடுப்புப் போட வேண்டியிருந்தது.

வீட்டில் மஹாலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உப்பு வாங்கிட்டு வந்தியா?" என்றாள்.

ரோடா மட்டும், "அதனால அவன் எழுந்து வரப்போறானாப்பா" என்றாள்.

"மாட்டான்" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் முடிந்தது. உப்பு வேண்டுமென்றால் ரோடா இப்போது அப்பாவிடமே கேட்டாள்.

போர் முடிந்தது. பெண்டில்டனின் கடை மறுபடி நன்றாக ஓடியது. தான் என்றைக்கும் ஐக்கியத்து ஆள்தான் என்று புதிதாக வந்த வடக்கத்தி வியாபாரிகளிடம் அவர் சொல்வதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஜெத்ரோவும் அதைத் தன் காதால் கேட்டார். தவிடு ஒட்டிய புருவத்தைத் தேய்த்துக்கொண்டார். ஐஷம் ஓடையருகே இரண்டு ஏக்கர் வாங்கிச் சிப்பிப் படகு கட்டினார். கறுப்பு ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தபோது அவரும் ஜெத்ரோவும் ஒரே தோணியில் வாக்களிக்கப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் சிப்பி விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஜெத்ரோவின் தோள் குளிர்காலத்தில் உயராமல் போனது. பாய் கட்டவும் கல் கொத்தவும் ரோடா கற்றுக்கொண்டாள். மறுமணம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை நகைத்து அனுப்பினாள், ஒருவனை நகைக்காமல் அனுப்பினாள். ஆலைக்கு வருகிறவர்கள் போகப் போக 'ரோடா ஆலை' என்று சொல்லத் தொடங்கினார்கள். அது ஜெத்ரோவின் காதில் விழுந்தது. 

1873இல் ஒரு மார்ச் மாதப் பகலில், மாவுப் பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ரோடா மேல்தளத்தில் இருந்தாள். கல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பேத்தி வந்து தாத்தா தூங்குகிறார் என்று சொன்னபோதுதான் தடுப்புக் கயிற்றை இழுத்தாள். மஹாலா உடம்பைக் குளிப்பாட்டினாள். அடக்கத்துக்கு ஊர் பாதி வந்தது. பாதிரியார் வெளியூர்க்காரர், ஜெத்ரோவைத் தெரியாது. எல்லோருக்கும் சொல்வதையே சொன்னார். அன்று தென்மேற்குக் காற்று நன்றாக இருந்தது. மாலையில் சோளத்தோடு காத்திருந்த இரண்டு பேருக்கு ரோடா அரைத்துக் கொடுத்து அனுப்பினாள்.